அரசுத் தரப்புக்கு இரண்டு விண்ணப்பங்கள்

உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் பதவிக்கு அனுப்பிய முதல் விண்ணப்பத்தில், "சுமார் 300 பணியியல் வழக்குகளில் ஆஜரானவர்" என்று என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டேன். பணியியல் என்றால் அரசு ஊழியர்களின் வேலை தொடர்பானவை. அந்த 300 எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் அலமாரியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "முந்நூறு இருக்கும் மேடம்" என்றார். எழுதிவிட்டேன்.

பதில் வரவில்லை. நிராகரிப்புக் கடிதம் என்று ஒன்றுகூட வரவில்லை. நியமனப் பட்டியல் வெளியானது, அதில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். விண்ணப்பத்தின் நகலை என் சீனியரிடம் காட்டினேன். அனுப்புவதற்கு முன் காட்டியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் படித்தார். "ஏம்மா, இது விண்ணப்பமா, கல்யாணப் பத்திரிகையா? பெயரும் பட்டமும்தான் இருக்கிறது. நீ என்ன வேலை செய்வாய் என்று எங்கேயும் இல்லையே?" என்றார்.

இரண்டாவது விண்ணப்பம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

நான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன். 2004 ஜூலை 24 அன்று 13 மாவட்டங்களுக்காகத் தொடங்கப்பட்ட கிளை இது. கன்னியாகுமரி ஆசிரியர், ராமநாதபுரத்துக் கிராம உதவியாளர், தஞ்சாவூர் சத்துணவு அமைப்பாளர், கரூர்க் காவலர் என எல்லாருடைய பணிப் பிரச்சினையும் இங்கேதான் வந்து சேரும். கர்நாடகத்திலும் கேரளத்திலும் மாநில ஊழியர்கள் முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள். நம் மாநிலத்திலும் 1988இல் அப்படி ஒரு தீர்ப்பாயம் தொடங்கப்பட்டது. அது கலைக்கப்பட்ட பிறகு, ஊதிய உயர்வு ஒன்றை நிறுத்தினாலும் நேராக அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுதான். அதனால் பணியியல் வழக்குகளுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. அரசுத் தரப்பில் நிற்கும் வழக்கறிஞருக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை.

இளையவர்கள் என்னிடம் வந்து "அரசு வழக்கறிஞர் ஆக வேண்டும்" என்று சொல்லும்போது, எந்த அரசு வழக்கறிஞர் என்று முதலில் கேட்கிறேன். குற்றவியல் நீதிமன்றங்களில் அரசுக்காக வாதாடும் உதவி அரசு வழக்கறிஞர் பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அது நிரந்தரப் பணி. உயர் நீதிமன்றத்தில் பணியியல் வழக்குகளைக் கவனிக்கும் அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர் ஆகியவை அப்படி அல்ல. அரசு நியமிக்கும், அரசு விரும்பும் வரை இருக்கலாம். ஆட்சி மாறினால் பெரும்பாலும் பட்டியலும் மாறும். ஓய்வூதியம் கிடையாது. வீட்டில் "கவர்மென்ட் வேலை கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். என் மாமியார் ஓர் ஆண்டு முழுக்க அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தவே முடியவில்லை.

சிபாரிசு பற்றிக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. மழுப்பாமல் சொல்கிறேன். பஞ்சாப் அரசுக்கும் பிரிஜேஷ்வர் சிங் சஹலுக்கும் இடையிலான வழக்கில் 2016 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. அரசு வழக்கறிஞர் நியமனம் ஆட்சியாளர் கையால் அள்ளிக் கொடுக்கும் பரிசு அல்ல, தகுதியைத் தேர்ந்தறியும் முறை ஒன்று வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலும் 2017இல் சட்ட அலுவலர் நியமனத்துக்கு விதிகள் வந்தன. தீர்ப்பும் விதியும் வந்த மறுநாளே ஊர் மாறிவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் "எல்லாம் சிபாரிசுதான்" என்று சொல்லிக்கொண்டு மோசமான விண்ணப்பத்தை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாக்கியம் சோம்பேறித்தனத்துக்கு மிக வசதியான போர்வை.

இரண்டாம் தடவை நான் செய்ததைச் சொல்கிறேன்.

அலமாரியிலிருந்த வழக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும், நான்கு மாதம் ஆனது. ஆஜரான வழக்குகள் எல்லாம் சேர்த்து 214 இருந்தன. முந்நூறு இல்லை. அந்த 214இலிருந்து 24ஐ மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கே வரி: வழக்கு எண், பிரச்சினை, எந்த விதி, என்ன முடிவு. வகைவகையாகப் பிரித்துக்கொண்டேன். பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின் கீழ் வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை எதிர்த்தவை, பணியிடை நீக்கம், பணிமூப்பு, பதவி உயர்வுப் பட்டியல், பணி வரன்முறை (தற்காலிகப் பணியை நிரந்தரமாக்குவது), வாரிசு வேலை, அதிகமாகக் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிப்பது, ஓய்வூதியம். படிப்பவருக்கு இந்த வழக்கறிஞர் எந்தெந்தச் சந்துகளில் நடந்து பழகியவர் என்று ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும்.

அந்த 24இல் 7 வழக்குகள் நான் தோற்றவை.

இதைச் சேர்க்கச் சொன்னது சீனியர்தான். எனக்கு மனமே இல்லை. "நீ இத்தனை நாள் அரசை எதிர்த்து வாதாடியவள். நீ தோற்ற இடத்தில்தான் அரசு ஜெயித்திருக்கிறது. அரசு ஏன் ஜெயித்தது என்று உனக்குப் புரிந்திருக்கிறதா என்பதுதானே அவர்களுக்கு வேண்டும்?" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். தற்காலிகப் பணியாளர்களுக்குப் பணி வரன்முறை கேட்டு நான் போட்ட வழக்குகளில் பாதி, கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான 2006 தீர்ப்பு என்ற சுவரில் மோதியவை. முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவர் நீண்ட காலம் இருந்தார் என்பதற்காகவே நிரந்தரம் கேட்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. அதே தீர்ப்பைக் கேடயமாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டுக் கைவிரிக்க முடியாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பிறகு நடந்த கதை. இன்றைக்கு விண்ணப்பிப்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

படித்தவற்றில் பயன்பட்டது எது என்று கேட்டால், தீர்ப்புகளைவிட விதிகள் என்பேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம், 2016. ஒழுங்கு நடவடிக்கை மற்றும் மேல்முறையீட்டு விதிகள். ஓய்வூதிய விதிகள், 1978. அடிப்படை விதிகள், அதிலும் குறிப்பாக ஓய்வு பெறுவது பற்றிய 56. இவற்றோடு அந்தந்தத் துறையின் சிறப்பு விதிகள். தீர்ப்புகளை யாரும் இரவோடு இரவாகத் தேடி எடுத்துவிடலாம். ஆனால் சிறு தண்டனைக்கான 17(ஏ)யின் கீழ் தொடங்கிவிட்டு 17(பி)க்கு உரிய தண்டனையைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஆணையைப் பார்த்த கணத்தில் பிடிக்க, விதி கைவிரலில் இருக்க வேண்டும்.

இணைப்புகளில் பார் கவுன்சில் பதிவுச் சான்று, என் பெயர் வழக்கறிஞராகப் பதிவான தீர்ப்பு நகல்கள், என் மீது குற்ற வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ இல்லை என்ற உறுதிமொழி. பெயரின் முதலெழுத்து எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் திருமணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. அதற்கு ஒரு தனி உறுதிமொழிப் பத்திரம் போட வேண்டியிருந்தது.

இந்தத் தடவை கூப்பிட்டார்கள். மூன்று மூத்தவர்கள், ஒரு மேசை, பதினைந்து நிமிடம். தீர்ப்பாக ஒப்பிக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். நடுவில் இருந்தவர் இரண்டு பக்கக் காகிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பெயர்களை மறைத்த ஒரு செயல்முறை ஆணை. வாரிசு வேலை கேட்டவரின் மனுவை நிராகரித்த ஆணை. "இதை நீதிமன்றத்தில் எப்படிக் காப்பாற்றுவீர்கள்?"

நம் அலுவலக ஆணைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். மேலே ந.க. எண் என்ற கோப்பு எண், நாள், பொருள். அதன் கீழே "பார்வை" என்று வரிசையாகக் கடிதங்கள். பிறகுதான் ஆணையின் உடல். பெரும்பாலானோர் உடலிலிருந்து தொடங்குவார்கள். அதில் எழுதியிருந்தது தெளிவாகவே இருந்தது: பணியாளர் 11.6.2014 அன்று இறந்தார், பார்வை 4இல் காணும் விண்ணப்பம் 2019இல்தான் வந்தது, மூன்று ஆண்டு காலக்கெடு கடந்துவிட்டதால் நிராகரிக்கப்படுகிறது. கச்சிதமான ஆணை. காப்பாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

பழக்க தோஷம், கண் மேலே போனது. பார்வை 1: "மனுதாரரின் மனு, நாள் 2.5.2017." விரல்விட்டு எண்ணினேன். மூன்று ஆண்டு முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பார்வை 2, அந்த மனுவுக்கு அலுவலகம் எழுதிய கடிதம். பார்வை 3, வாரிசுச் சான்று கேட்டு இன்னொரு கடிதம். 2019இல் வந்தது புதிய விண்ணப்பமே இல்லை. சான்றுகளோடு திரும்ப அனுப்பியது. ஆணையை எழுதியவர் பழைய மனுவைத் தன் கையாலேயே பார்வையில் சேர்த்துவிட்டு, உடலில் மறந்துவிட்டார்.

"காப்பாற்ற முடியாது ஐயா" என்றேன்.

வலப்பக்கம் இருந்தவர் நிமிர்ந்தார். "முதல் விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று கவுன்டர் அஃபிடவிட்டில் சொல்லிக்கொள்ளலாமே?"

"ஆணையில் அந்தக் காரணம் இல்லை. ஆணையில் இல்லாத காரணத்தை எதிர் உறுதிமொழிப் பத்திரத்தில் புதிதாகச் சேர்க்க முடியாது. மொகிந்தர் சிங் கில்."

தலைமைத் தேர்தல் ஆணையருக்கு எதிராகத் தொடுக்கப்பட்டு, 1977 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு அது. ஆணை என்பது வயது ஏற ஏறச் சுவை கூடும் பழைய மது அல்ல என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது அதில்தான். பணியியல் வழக்குகளில் அரசுத் தரப்பு தடுக்கி விழும் இடங்களில் இதைவிடப் பெரிய பள்ளம் எனக்குத் தெரிந்து இல்லை.

"அப்படியானால் வேலையைக் கொடுத்துவிடச் சொல்கிறீர்களா?" இது நடுவில் இருந்தவர்.

அதுவும் இல்லை என்றேன். வாரிசு வேலை, சட்டத்தின் மொழியில் கருணை நியமனம், உரிமையல்ல. சம்பாதித்தவர் திடீரென்று போனதால் தடுமாறும் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் விதிவிலக்குதான் என்று உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் 1994இலேயே சொல்லியாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்பதைத் துறை பார்க்கவே இல்லை. காலக்கெடு என்ற வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே, 2017 மனுவை உரிய காலத்தில் வந்ததாக எடுத்துக்கொண்டு மறுபடி பரிசீலிக்கிறோம், 12 வாரம் கொடுங்கள் என்று துறையிடம் ஒப்புதல் பெற்று முதல் நாளே நீதிமன்றத்தில் சொல்லலாம். இரண்டு ஆண்டு கவுன்டர், பதில் உறுதிமொழி என்று இழுத்துவிட்டு அதே உத்தரவை வாங்கி வருவதைவிட அது மேல்.

மூவரும் எதுவும் சொல்லவில்லை. நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அரசு வழக்கறிஞர் பதவிக்கு வந்துவிட்டு, அரசின் ஆணை நிற்காது என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கேள்வியில் நிஜமாகவே கெடுத்தேன். ரிட் மேல்முறையீடு 400 நாள் தாமதம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் என்ன எழுதுவீர்கள்? கோப்பு மேசை மேசையாகப் போக நேரம் ஆகும் என்ற பழைய பல்லவியைப் பாடத் தொடங்கினேன். இடப்பக்கம் இருந்த அம்மா புன்னகையோடு, "2012இல் லிவிங் மீடியா வழக்கில் அந்தக் கதை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே?" என்றார். அஞ்சல் துறைத் தலைவர் தரப்பு 427 நாள் தாமதத்துக்குச் சொன்ன காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்த தீர்ப்பு. படித்ததுதான், அந்த நேரத்தில் வரவில்லை. "ஆமாம் அம்மா, விட்டுவிட்டேன்" என்றேன். சமாளிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று பிறகு ஒருவர் சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம்.

நியமனம் வந்தது. வந்த அன்று மகிழ்ச்சியாக இருக்கவிடாமல் செய்தது என் சொந்த அலமாரி. அரசுக்கு எதிராக இனி ஆஜராக முடியாது. நிலுவையில் இருந்த 90க்கும் மேற்பட்ட கட்டுகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் வைக்கும் புதிய வழக்கறிஞரின் வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, கட்டையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கிய கட்டணத்தில் வேலை செய்யாத பங்கைத் திருப்பினேன். கையிருப்பு கரைந்தது. அரசுக் கட்டணமோ பில் போட்டு, அது பல மேசை ஏறி இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும். எனவே ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "அறிவுறுத்தல் பெற இரண்டு வாரம் அவகாசம் வேண்டும், மை லார்ட்." ஒரே நாளில் 19 முறை. மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதிலாகத் துறைகளிலிருந்து வரும் பத்திவாரிக் குறிப்புகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எதிர்த் தரப்பில் இருந்தபோது, அரசு வேண்டுமென்றே மறைக்கிறது என்று நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். ஒரு துறை அனுப்பிய குறிப்பில் பதினான்கு பத்திகளுக்கும் ஒரே பதில்: "மனுதாரரின் கூற்று ஏற்கத்தக்கதல்ல." மறைப்பதற்குக்கூட அதில் எதுவும் இல்லை.

அலுவலரைக் கூப்பிடுவதைவிட, அந்தக் கோப்பைக் கையாளும் பிரிவு எழுத்தரைக் கூப்பிடுவது மேல் என்று ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். கோப்பின் எந்தப் பக்கத்தில் எந்தக் கடிதம் இருக்கிறது என்று தெரிந்தவர் அவர்தான். "சார், பார்வை 1ஐ மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றால் மாலைக்குள் வந்துவிடும். உத்தரவு கிடைத்த அன்றே, கடைசி நாள் எது என்று தேதியாக எழுதித் துறைக்கு அனுப்பிவிடுவேன். "12 வாரத்துக்குள்" என்று எழுதினால் யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணாமல் விட்ட வாரங்கள் அவமதிப்பு வழக்காகத் திரும்பி வரும். அன்றைக்கு நேரில் ஆஜராகும் அலுவலரின் முகத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

கட்டுகளில் ஒன்று மட்டும் நெடுநாள் அலமாரியிலேயே இருந்தது. ஒரு கிராம உதவியாளருடையது. பணிக்காலத்தை ஓய்வூதியத்துக்குக் கணக்கிடக் கேட்ட வழக்கு. தொலைபேசி எண் மாறியிருந்தது. கடிதம் திரும்பி வந்தது. அவர் வேறு வழக்கறிஞரும் வைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வழக்கு பட்டியலில் வந்தது, நான் நிற்கும் அதே நீதிமன்ற அறையில், அரசுத் தரப்புக் கட்டு என் மேசையில். அதைத் திறக்காமல் எழுந்து நின்றேன். மனுதாரருக்காக முன்பு ஆஜரானவள் நான், இந்த வழக்கில் அரசுக்காக நான் நிற்க முடியாது, மனுதாரருக்குத் தெரியாமல் வழக்கு தள்ளுபடியாகிவிடக் கூடாது, அவருக்கு நேரடியாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். நீதிபதி அப்படியே உத்தரவிட்டு நான்கு வாரம் தள்ளிவைத்தார். அரசுக் கட்டைப் பக்கத்தில் இருந்த சக வழக்கறிஞரிடம் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் அவர் வந்தார். கையில் நோட்டீஸ், மடித்து மடித்துக் கிழிந்துபோன காகிதம். குமாஸ்தா கட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடம் போகலாம் அம்மா என்று கேட்டார். நான் பெயர் சொல்லக் கூடாது என்றேன். புரியாமல் பார்த்தார். அவரை வாசல்வரை அழைத்துப் போய், சட்ட உதவி மையம் இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.